பூநகரி முன்பள்ளிகளில் இங்கிலிஷ்: கொப்பிக்கு முன் காது

அன்புள்ள பூநகரிப் பெற்றோருக்கும், முன்பள்ளி ரீச்சர்மாருக்கும், கிராம அபிவிருத்திச் சங்கத்தாருக்கும்,

வாடியடியோ, கிராஞ்சியோ, நாச்சிக்குடாவோ, எங்கிருந்து அழைப்பு வந்தாலும் இந்தக் கதை வராமல் முடிவதில்லை: "எங்கட முன்பள்ளியிலும் இங்கிலிஷ் தொடங்க வேணும், நீங்கள்தான் உதவ வேணும்." கேட்பது நியாயம்தான். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணம் கிட்டவாகிவிட்டது. அங்குள்ள தனியார் நேசறிகளைப் பார்த்துவிட்டு வரும் தாய்க்குத் தன் பிள்ளை பின்னுக்கு நிற்பதுபோலத் தோன்றும். கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் பணம் சேர்ப்பார்கள். அந்தப் பணத்தில் எதைச் செய்வது என்பது பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஸ்காபரோவில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் வேலை செய்கிறேன். ஒன்ராறியோவில் இந்த வயதுக்கான முழுநாள் வகுப்பு 2010இல் தொடங்கியது. ஆங்கிலம் புழங்கும் இந்த மாகாணத்திலும் அந்த வகுப்புக்கு அடிப்படை விளையாட்டுத்தான். தமிழ் மட்டும் தெரிந்து வரும் பிள்ளைக்கு மணலும் தண்ணீரும் மரக்கட்டைகளும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கதைக்கிறோம். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பிறகு திடீரென்று சொற்கள் வரத் தொடங்கும். அந்த மௌனத்தை நாங்கள் குறையாக எடுப்பதில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.

வீட்டில் தமிழை விடச் சொல்லி இங்கே பெற்றோரிடம் நாங்கள் கேட்பதும் இல்லை. ரொறன்ரோப் பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதினார்: முதல் மொழியில் பிள்ளை பெறும் பலம் இரண்டாம் மொழிக்கும் போய்ச் சேரும். ஆகவே முன்பள்ளியில் தமிழ்க் கதையும் பாட்டும் குறையவே கூடாது.

இன்னொன்று. இலங்கைப் பாடசாலைகளில் முதலாம், இரண்டாம் தரங்களில் ஆங்கிலம் பேச்சாகத்தான் அறிமுகமாகிறது. முறையான பாடம் மூன்றாம் தரத்தில்தான். அப்படியிருக்க நாலு வயதுப் பிள்ளையை நாலுவரிக் கொப்பியில் எழுத்துப் போடவைத்து விரலை நோகடிப்பது எதற்கு?

என் யோசனை இது. கிழமையில் ஒரு நாள் ஒரு மணித்தியாலம் வேண்டாம். தினமும் பதினைந்து நிமிடம் போதும். ஒரு கிழமைக்கு ஒரு விடயம். கடல் என்று எடுத்தால், வலைத்துண்டு, சிப்பி, காய்ந்த நண்டு ஓடு எல்லாம் பெற்றோர் கொண்டுவந்து தரலாம். முதல் நாள் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க, ரீச்சர் "கிராப், நெற், ஷெல்" என்று சொன்னால் போதும், திருப்பிச் சொல்லச் சொல்லி நெருக்க வேண்டாம். மறுநாள் "ஷெல்லை எடு, கூடைக்குள் போடு, குதி, நில்" என்று ஆங்கிலத்தில் சொல்ல, அவர்கள் செய்யட்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கர் 1960களில் வகுத்த வழி இது: வாய் பேசுமுன் உடம்பு பதில் சொல்லும். கிழமை முழுக்க ஒரே பாட்டு. கடைசி நாளில் ஒரு படக்கதை, முதலில் தமிழில், பிறகு அதே படங்களோடு ஆங்கிலத்தில். அடுத்த கிழமை வயல் வரும். ஆனால் கடலின் சொற்களும் விளையாட்டில் திரும்ப வரவேண்டும்.

கொப்பிக்கு முன் காது என்று ஏன் சொல்கிறேன் என்றால், குண்டூசிக்கும் குப்பைக்கூடைக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் "பின்"தான். காதால் பிரித்துக் கேட்கப் பழகிய பிள்ளைக்குப் பிறகு எழுத்துச் சுகமாக வரும்.

"எனக்கே இங்கிலிஷ் வடிவாக வராது" என்று பயப்படும் ரீச்சர்மாருக்கு: இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சில வசனங்கள் போதும். அவற்றையும் பாட்டுகளையும் நான் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பிள்ளைகளை மடியில் வைத்து ஆற்றத் தெரிந்த உங்களைவிட்டு வெளியாள் ஒருவரைத் தேட வேண்டியதில்லை.

உங்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு எவ்வளவு சிறியது என்பது ஊருக்கே தெரியும். அதனால் சங்கத்தாரிடம் உரிமையோடு கேட்கிறேன். நாங்கள் அனுப்பும் பணத்தில் முதல் பங்கு ரீச்சர்மாரின் கொடுப்பனவுக்கும் பயிற்சிக்கும் போகட்டும். பெரிய ரீவியும் வெளிநாட்டுப் புத்தகப் பெட்டியும் அதன் பிறகு. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். அதைக் காட்டித்தான் இங்கே பணம் சேர்க்கப் போகிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊர்ப் பிள்ளை