உம்மம்மாவின் உம்மா பெயர் என்ன?

 

மத்ரஸாவில் மூத்த பெண்பிள்ளைகளுக்குப் பாகப்பிரிவினைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாரிசுகளின் வரிசையைச் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டேன். “உங்கள் வாப்பாவின் வாப்பா, அவருடைய வாப்பா, இந்த இருவர் பெயரும் யாருக்குத் தெரியும்?” வகுப்பில் பாதிப் பேர் கையை உயர்த்தினார்கள். “உம்மம்மாவின் உம்மா பெயர்?” என்றேன். ஒரேயொரு கைதான் எழுந்தது.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனெனில் அந்தப் பெயர் எனக்கும் நாற்பது வயதுக்குப் பிறகே தெரிய வந்தது. நமது மட்டக்களப்பு வாவிக் கரையூர்களில் குடி தாய் வழியாக வருவது. பொன்னாச்சி குடி, ராசாம்பிள்ளை குடி என்றெல்லாம் சொல்கிறோமே, அது உம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதேயன்றி வாப்பாவிடமிருந்து வருவதில்லை. வீடும் மகளுக்கே போகிறது. இத்தனையும் தாய் வழியில் ஓடும் ஊரில், தாய்மாரின் பெயரைத்தான் முதலில் மறந்துவிடுகிறோம்.

இது வெறும் ஞாபகப் பிரச்சினையா? இல்லை சகோதரிகளே. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2016 ஆம் ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தது. இரு வீட்டாரும் நல்ல மனிதர்கள், பிள்ளைகளுக்கும் சம்மதம், திகதியும் குறித்தாயிற்று. மாப்பிள்ளை 1990 இல் பிறந்தவர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டதையும், அடுத்த வாரமே ஏறாவூரில் நடந்ததையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் ஊர் விட்டு ஓடி வந்த குடும்பங்கள் பல, பள்ளிக்கூடக் கட்டடங்களில் தங்கியிருந்தன. கைக்குழந்தையாக இருந்த இந்த மாப்பிள்ளையின் உம்மா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். குழந்தையை அதன் வாப்பும்மாதான் தூக்கிக்கொண்டு அலைந்தார். “முகாமில் ஆரோ ஒரு புண்ணியவதி பால் குடுத்தா” என்ற அளவில்தான் அந்த வீட்டில் கதை இருந்தது. யாரென்று தெரிந்த வாப்பும்மாவும் மௌத்தாகிவிட்டார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், பெண் வீட்டுக்கு உறவு முறையான ஒரு முதிய மாமி வெளியூரிலிருந்து வந்தார். மாப்பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தவர் திடுக்கிட்டுப் போனார். “இந்தப் பொடியனுக்குப் பால் குடுத்தது நம்மட புள்ளட உம்மம்மாவெல்லோ! ஒரு மாதத்துக்கு மேல மடியில போட்டு வளத்தா!” என்றார். பெண்ணின் உம்மம்மாவுக்கு அப்போது கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. அவரும் உயிரோடு இல்லை.

என்னிடம் வந்தார்கள். அதே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த இன்னும் சில பெண்களைத் தேடிப் பிடித்து விசாரித்தோம். அவர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை தனித்தனியாகப் பால் குடித்தால் பால்குடி உறவு உறுதியாகிவிடும் என்பது நமது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அப்படியானால் அந்த இளைஞர் மணப்பெண்ணுடைய உம்மாவின் பால்குடிச் சகோதரர். பெண்ணுக்குத் தாய்மாமன் முறை. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. இரு வீட்டிலும் அழுகை. ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். அந்த மாமி வர இரண்டு மாதம் பிந்தியிருந்தால்?

அந்தப் பால் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. ஒரு மூதாட்டியின் நினைவில் மட்டும் இருந்தது. வமிசம் தேடுவதில் முதல் ஆவணம் உங்கள் வீட்டு மூத்த பெண்கள்தாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உறவைப் பேணும் அளவுக்கு உங்கள் வமிசத்தை அறிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் திர்மிதியில் வந்துள்ளது. ‘உறவைப் பேணும் அளவுக்கு’ என்பதைக் கவனியுங்கள். நாங்கள் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள், நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று பெருமை பேசுவதற்கு அல்ல. ஷரீஅத்தில் வமிசம் தந்தை வழியில்தான் கணிக்கப்படும். குடி என்பது நம் ஊர் வழக்கு. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனால் தாய் வழி உறவுக்கும் மார்க்கத்தில் உரிமை உண்டு. யாரென்று தெரியாமல் அந்த உரிமையை எப்படி நிறைவேற்றுவது?

சரி, எப்படித் தொடங்குவது? அதிகம் செலவில்லாத வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். உம்மம்மா, வாப்பும்மா, பெரியம்மா, மாமி என்று வயதானவர்களிடம் போய் உட்காருங்கள். “நம் வரலாறு என்ன?” என்று கேட்டால் ஒன்றும் வராது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். உங்களுக்குப் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி யார்? யார் யாருடைய பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தீர்கள்? உங்கள் பிள்ளைக்கு யார் கொடுத்தார்? சிறு வயதில் மௌத்தான பிள்ளைகள் உண்டா? வருடம் தெரியாவிட்டால், 1978 சூறாவளிக்கு முன்னா பின்னா, 1957 வெள்ளத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். சொன்னவர் பெயரையும் திகதியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பால்குடி உறவுக்குக் கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். இலங்கையில் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஆரம்பமானது. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் சிறு கட்டணத்துக்குப் பிரதி எடுக்கலாம். பதிவிலக்கம் தெரியாவிட்டால், உத்தேசக் காலத்தைக் குறிப்பிட்டுத் தேடுமாறு விண்ணப்பிக்கலாம். நாம் பழகிய பழைய படிவத்தில் தந்தையின் பெயர், தாயின் பெயர் இரண்டும் இருக்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயரும், பிறந்த ஆண்டும், இடமும் இருக்கும். ஒரே காகிதத்தில் மூன்று தலைமுறை! ஆனால் அது கேட்பது தந்தையின் தந்தையை. தாயின் தாயைக் கேட்க அதில் கூடு இல்லை. ஆகவே உம்மாவின் பிறப்புச் சான்றிதழைத் தனியாக எடுங்கள். அதில் உம்மம்மா கிடைப்பார். பிறப்பைப் பதியாதவர்களுக்குக் கொடுக்கப்பட்ட உத்தேச வயதுச் சான்றிதழ் இருந்தால், அதிலுள்ள ஆண்டு கணக்குப் பார்த்து இட்டது என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, விவாகப் பதிவு. முஸ்லிம் விவாகங்களைப் பதிய 1886 இலேயே ஒரு சட்டம் வந்தது. பின்பு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மணமக்களின் பெயர், வலியின் பெயர், மஹர் முதலியவை பதிவில் இருக்கும். மணமகளின் கையொப்பத்தை 1951 ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கவில்லை, வலிதான் ஒப்பமிட்டார். ஆகவே உம்மம்மாவின் பெயரை அங்கே காண்பீர்கள், கையெழுத்தைக் காணமாட்டீர்கள். பதியாமல் நடந்த நிக்காஹ்களும் உண்டு. பதிவு கிடைக்கவில்லை என்பதால் நிக்காஹ் நடக்கவில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

நான்காவது, காணி உறுதி. நமது பகுதிப் பெண்களுக்கு இதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. சீதனத்தின் நன்மை தீமையை வேறொரு மாதம் பேசுவோம். ஆனால் வீடு உம்மாவிடமிருந்து மகளுக்குப் போன ஊரில், வீட்டு உறுதிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் அதுவே தாய் வழி வமிசம். ‘இன்னாருக்கு இன்ன இலக்க உறுதிப்படி அவரது தாயாரிடமிருந்து கிடைத்தது’ என்று உறுதியில் முன்கதை எழுதியிருப்பார்கள். நான்கு எல்லைகளையும் வாசியுங்கள். பக்கத்து வளவுக்காரர் பெரும்பாலும் சாச்சியாகவோ பெரியம்மாவாகவோ இருப்பார். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்க்கலாம், பிரதியும் பெறலாம்.

இவை தவிரப் பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பு, பள்ளிவாசல் பதிவுகள், வாக்காளர் இடாப்பு ஆகியனவும் உதவும். 1931 முதல் இந்த நாட்டில் பெண்களுக்கும் வாக்குரிமை உண்டு. ஒரு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை வாக்காளர் இடாப்பு சொல்லும். ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்து அரசாங்க ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. ஆனால் அங்கே போவது கடைசியில். மையவாடியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நமது மீசான் கட்டைகளில் பெரும்பாலும் பெயர் எழுதுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. ஒரே ஆளை ஓர் ஏட்டில் மீராலெவ்வை என்றும், இன்னொன்றில் முகம்மது மீராலெவ்வை என்றும் எழுதியிருப்பார்கள். பாத்தும்மா, பாத்திமா உம்மா, பாத்துமுத்து மூவரும் ஒருவராகவும் இருக்கலாம், மூவராகவும் இருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தகப்பன் பெயர், வளவு, திகதி என இன்னும் இரண்டு அடையாளமாவது ஒத்துவர வேண்டும். தேடும்போது தவறிப் பிறந்த பிள்ளை, தலாக், பழைய சண்டை என்று ஏதாவது தெரிய வரலாம். அதைத் தெருவில் பேசுவது புறம். மறைக்க வேண்டியதை மறைப்பதும் உறவைப் பேணுவதில் ஒரு பகுதிதான்.

இனி என் கதை. என் உம்மம்மாவின் உம்மாவை ஊரார் கூப்பிட்ட பட்டப்பெயர் மட்டும்தான் உம்மாவுக்குத் தெரியும். பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. கடைசியில் என் தாத்தா இருக்கும் வீட்டின் உறுதிகளைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தோம். 2004 சுனாமியில் நனைந்து காய வைத்த காகிதங்கள். தாத்தாவின் உறுதிக்குக் கீழே உம்மாவுடையது, அதற்குக் கீழே உம்மம்மாவுடையது. அந்தப் பழைய உறுதியில் நன்கொடை கொடுத்தவரின் முழுப்பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் தன் மகளுக்கு வீட்டைக் கொடுத்தபோது வைத்த பெருவிரல் அடையாளம். உம்மா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி துஆச் செய்தார். அதுவரை ‘எல்லோருக்கும்’ என்று பொதுவாகத்தான் கேட்டு வந்தோம்.

சகோதரிகளே, காகிதம் தொலைந்தால் அலுவலகத்தில் இன்னொரு பிரதி இருக்கக்கூடும். உம்மம்மாவுக்குப் பிரதி இல்லை. இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் கொப்பியோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உம்மம்மா இல்லாவிட்டால் உம்மாவிடம், உம்மாவும் இல்லாவிட்டால் தெருவிலுள்ள வயதான மாமியிடம். முதல் கேள்வி பால்குடி பற்றியதாக இருக்கட்டும்.

நம்மைப் பெற்றவர்களையும் பாலூட்டியவர்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.