முக்கோண மலைகள்

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில் ஒரு குழந்தையிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்து, "ஓர் இயற்கைக் காட்சி வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து ஓர் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை. மலையையே கண்டறியாத ராமநாதபுரத்துக் குழந்தையும் இதைத்தான் வரையும். ஓசூர்ப் பக்கத்துக் குழந்தைக்கோ நிஜமாகவே ஒரு குன்று இருக்கிறது. சந்திரசூடேஸ்வரர் கோயில் கொண்ட அந்தப் பாறை வெயிலில் ஒரு நிறம், மழையில் நனைந்தால் வேறொரு நிறம். முக்கோணமா அது?

குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம், சுவிட்சர்லாந்துப் பனிமலைப் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, "இந்த ஊரில் வரைய என்ன இருக்கிறது? சிப்காட்டும் லாரியும் புழுதியும்தானே!" என்கிற படித்தவர்கள் மேல்தான்.

இந்த அலட்சியம் எங்கும் உண்டு. பாரிஸில் கலை மகாசபையார், தெய்வங்களையும் ராஜாக்களையும் வரைந்தால் உயர்ந்த ஓவியம், சட்டிபானையை வரைந்தால் கடைசி வரிசை என்று ஒரு காலத்தில் வகுத்து வைத்திருந்தார்கள். ஷார்தான் (1699-1779) என்ற ஓவியர் அந்தக் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்து, குழாய் வைத்த ஒரு செப்பு அண்டாவையும் கீழே ஒரு வாளியையும் வரைந்தார். படம் ஒரு முழ உயரம்கூட இல்லை. இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வீட்டு அண்டாக்களை நாம் எடைக்குப் போட்டோம்.

பாரிஸ் வரை போவானேன்? 40 கிலோமீட்டரில் பெங்களூர். விடுதலை இயக்கத்தில் ஈடுபட்ட ருமாலே சென்னபசவய்யா (1910-1988) அந்த நகரத்துத் தெருவோரங்களில் பூத்த மரங்களை, நேரில் பார்த்துப் பார்த்து வரைந்தார். தினமும் அந்த மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

"இதெல்லாம் சோறு போடுமா?" என்பீர்கள். போடாது, ஐயா. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குன்றுகளைக் கிரானைட்டாக அறுத்து லாரியில் ஏற்றுகிறார்களே, போன குன்று எப்படி இருந்தது என்று பேரன் கேட்டால் எதை வரைந்து காட்டப் போகிறீர்கள்?

டிராயிங் மாஸ்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். கரும்பலகையில் மாம்பழம் போட்டுக் காப்பியடிக்கச் சொல்லாதீர்கள். மாம்பழத்துக்குப் பேர்போன ஜில்லா இது. சந்தையில் ஒரு கிளிமூக்குப் பழம் வாங்கி மேஜை மேல் வையுங்கள். ஒரு புறம் பச்சை, மறுபுறம் மஞ்சள், காம்படியில் பால் வழிந்து காய்ந்த கறை. கறையையும் வரையச் சொல்லுங்கள். கோணலாக வந்தால் வரட்டும்.