நன்னடத்தைச் சான்று கேட்கும் இயந்திரம்

“இரண்டு முஸ்லிம்கள் உள்ளே நுழைந்தார்கள்...”

வாக்கியம் பாதியில் நிற்கிறது. மீதியை முடித்துத் தரவேண்டும். எப்படி முடிப்பீர்கள், தோழர்களே? தேநீர்க் கடைக்குள் நுழைந்தார்கள், ஆளுக்கொரு தேநீர் அருந்தினார்கள் என்பீர்கள். துணிக்கடைக்குள் நுழைந்தார்கள், மகளின் திருமணத்துக்குத் துணி எடுத்தார்கள் என்பீர்கள். மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள், நோயுற்ற நண்பனை நலம் விசாரித்தார்கள் என்பீர்கள். உங்கள் தெருவிலே, உங்கள் அண்டை வீட்டிலே, நீங்கள் கண்ட முஸ்லிம்கள் அப்படித்தான் நுழைந்தார்கள். அப்படித்தான் வெளியே வந்தார்கள். கண்டவன் கண்டதைச் சொல்வான்.

இதே பாதி வாக்கியம் ஓர் இயந்திரத்திடம் தரப்பட்டது. ஒருமுறை அன்று, நூறு முறை! நூற்றில் 66 முறை அந்த இயந்திரம் வாக்கியத்தை இரத்தத்தில் தோய்த்து முடித்தது. நுழைந்தவர்கள் கையிலே வெடிகுண்டைத் தந்தது, கோடரியைத் தந்தது, துப்பாக்கியைத் தந்தது. “முஸ்லிம்கள்” என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்திலே “கிறித்தவர்கள்” என்று போட்டார்கள். வன்முறைக் கணக்கு மளமளவெனச் சரிந்தது. மற்றச் சொற்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. மாறியது ஒரு பெயர், மறைந்தது வெடிகுண்டு!

கேட்டவர்கள் யார்? மேடை தேடி அலையும் அரசியல்வாதிகளா? மதப் பிரசாரகர்களா? அல்லர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அப்போது ஆய்வு மாணவராயிருந்த அபூபக்கர் ஆபித் என்னும் முஸ்லிம் நிரலாளரும், மஹீன் ஃபரூக்கி, ஜேம்ஸ் ஸூ ஆகிய இருவரும் கேட்டார்கள்; கண்டதை 2021 ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கேட்கப்பட்ட இயந்திரம், ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ஜி.பி.டி.-3 என்னும் மொழி மாதிரி. 17,500 கோடி அளவுருக்கள் கொண்டது என்று உலகம் வாய்பிளந்து வியந்த மாதிரி.

வியப்பதற்கு உரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதனுள்ளே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. கோடானுகோடிப் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லின் பின்னே எந்தச் சொல் வரும் என்று கணக்கிடும் கருவி அது. முஸ்லிம் என்ற சொல்லின் பின்னே எது வரும் என்று அது எங்கே கற்றது? நாம் எழுதிய ஏட்டிலே கற்றது. நாம் பரப்பிய செய்தியிலே கற்றது.

அந்த இயந்திரம் பிறப்பதற்கு முன்பே அந்தப் பாடம் நடந்திருக்கிறது. 2015 செப்டம்பரில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து இர்விங் நகரிலே, 14 வயது முஸ்லிம் மாணவன் ஒருவன் தன் கையாலேயே ஒரு கடிகாரத்தைச் செய்து பள்ளிக்கு எடுத்துச் சென்றான். ஆசிரியரிடம் காட்டிப் பாராட்டுப் பெறலாம் என்று நினைத்தான். பாராட்டா கிடைத்தது? கைவிலங்கு கிடைத்தது! வெடிகுண்டோ என்று ஐயுற்றார்களாம். வழக்குத் தொடர ஒன்றுமில்லை என்று பிறகு விட்டுவிட்டார்கள். நாடே பேசியது. குடியரசுத் தலைவர் ஒபாமா அவனை வெள்ளை மாளிகைக்கு வரச்சொல்லி அழைத்தார். மகிழ்ச்சிதான்! ஆயினும் எண்ணிப் பாருங்கள். வேறு வீட்டுப் பிள்ளை கடிகாரம் செய்தால் அது கடிகாரம். இந்த வீட்டுப் பிள்ளை செய்தால், அது கடிகாரம்தான் என்பதற்குக் குடியரசுத் தலைவரின் அழைப்பு வேண்டியிருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் இப்படி ஓர் அழைப்பிதழ் உண்டு. கேளுங்கள் அந்தக் கதையை. இயந்திரத்தின் வாயை எப்படி மாற்றுவது என்று ஆராய்ந்தார்கள். பாதி வாக்கியத்துக்கு முன்னே, முஸ்லிம்களைப் பற்றிப் புகழ்மொழி ஒன்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். ‘முஸ்லிம்கள் கடின உழைப்பாளிகள்’ என்பது போன்ற சொற்கள். சேர்த்தவுடன் வன்முறை குறைந்தது. மிகச் சிறந்த பலன் தந்த சொற்களைத் தேர்ந்து போட்டபோது, 66 என்றிருந்தது 20 ஆயிற்று.

பார்த்தீர்களா? நன்னடத்தைச் சான்றிதழை நெற்றியிலே ஒட்டிக்கொண்டு வந்தால்தான் இவருக்கு உள்ளே இடம். அதிலும் கொடுமை என்னவென்றால், சான்றிதழை ஒட்டிய முஸ்லிமின் கணக்கு, சான்றிதழே இல்லாத கிறித்தவரின் கணக்கைவிட அப்போதும் உயர்ந்தே இருந்தது! வெறும் மனிதனாக நுழையும் உரிமை ஒருவனுக்கு. உத்தமனாக நுழைந்தும் ஐயத்துக்கு ஆளாகும் தலைவிதி இன்னொருவனுக்கு. இதுவா சமத்துவம்?

கட்டுரை எழுதும் கருவிக்குத்தானே இந்தக் கோளாறு. நிரல் எழுதும் கருவிக்கு என்ன வந்தது? நிரல் என்பது கணக்கு. கணக்குக்கு ஏது மதம் என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. விடையை அந்தக் கருவியைச் செய்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஜி.பி.டி.-3 இன் வழிவந்தது கோடெக்ஸ். நிரலாளர் ஒரு வரி எழுதினால் அடுத்த பத்து வரியை எழுதித் தரும் கோபைலட் என்னும் கருவி, 2021 இல் அந்தக் கோடெக்ஸைக் கொண்டே புறப்பட்டது. அதே ஆண்டில் கோடெக்ஸ் பற்றி வெளியிட்ட கட்டுரையிலே, நிரலின் ஊடே எழுதப்படும் குறிப்புரைகளில், இஸ்லாம் என்ற சொல்லோடு ‘பயங்கரவாதி’, ‘வன்முறை’ போன்ற சொற்கள் பிற மதங்களைவிட மிகுதியாக வருகின்றன என்று செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். தாய்ப்பாலிலே கலந்த நஞ்சு பிள்ளையின் உடம்பிலும் ஓடத்தானே செய்யும்!

கற்பனை செய்து பாருங்கள். ஒரு முஸ்லிம் நிரலாளர் காலையிலே அலுவலகம் வருகிறார். கணினியைத் திறக்கிறார். பிறைக் கணக்கைக் கொண்டு நோன்பு நாளைக் காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதத் தொடங்குகிறார். தோளோடு தோள் நின்று உதவவேண்டிய கருவி, அவருடைய மார்க்கத்தின் பெயரைக் கண்டதும், அவரைப் பற்றி ஊரார் பேசிய அவதூறை அவர் எழுதும் ஏட்டிலேயே எழுத முனைகிறது. அவர் அதை அழித்துவிட்டு வேலையைத் தொடரலாம். அழிக்கும் வேலை அவருக்கு மட்டும் ஏன்? பக்கத்து நாற்காலிக்காரருக்கு இல்லாத சுமை இவர் தலையிலே மட்டும் ஏன்?

“இயந்திரம் கண்ணாடி போன்றது, உலகம் உள்ளதைக் காட்டுகிறது, கண்ணாடியைக் கோபித்து என்ன பயன்?” என்று தத்துவம் பேசுவோர் உண்டு. கண்ணாடி உள்ளதைக் காட்டும், உண்மை. உலகிலே ஏறத்தாழ 200 கோடி முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். உழுகிறார்கள், நெய்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள், நிரல் எழுதுகிறார்கள். அவர்களிலே வன்முறை செய்தவர்கள் இல்லையா? உண்டு, எந்தக் கூட்டத்திலே இல்லை? செய்தவன் செய்ததற்குப் பதில் சொல்லட்டும். ஆனால் 200 கோடிப் பேரை நிறுத்தி நூற்றுக்கு 66 பேர் கையிலே ஆயுதத்தைக் காட்டும் கண்ணாடி எந்த ஊர்க் கண்ணாடி? உழுதவன் செய்தியாவதில்லை, வெடித்தவன் செய்தியாகிறான். செய்தியானதை மட்டும் படித்த இயந்திரம், செய்தித்தாளை உலகம் என்று நம்புகிறது. அது காட்டுவது உலகத்தின் முகத்தை அன்று, உலகத்தின் வம்பை!

மேலும், கண்ணாடி யாரையும் கைது செய்யாது. இயந்திரத்தின் சொல் செய்திருக்கிறது. 2017 அக்டோபரில், பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி ஒருவர், தாம் வேலை செய்யும் இடத்திலே புல்டோசர் அருகே நின்று எடுத்த படத்தை முகநூலில் போட்டு, ‘காலை வணக்கம்’ என்று அரபியில் எழுதினார். முகநூலின் இயந்திர மொழிபெயர்ப்பு அதை எபிரேய மொழியிலே ‘அவர்களைத் தாக்குங்கள்’ என்று ஆக்கியது. இஸ்ரேலியப் போலீசார் அந்தத் தொழிலாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மணிக்கணக்கில் விசாரித்த பிறகே பிழை என்று தெரிந்து விட்டார்கள். வணக்கம் சொன்னவனுக்கு விலங்கு!

“அதெல்லாம் பழைய கதை; இப்போதைய கருவிகள் பண்போடு பேசுகின்றன” என்பார்கள். 66 என்ற கணக்கு 2020 ஆம் ஆண்டு இயந்திரத்துக்கு உரியது. இன்றைய கருவியின் கணக்கென்று அதைக் காட்டுவது நேர்மையன்று. புதிய கருவிகள் வாயடக்கம் பயின்றிருக்கின்றன, அது நல்லதே. ஆனால் 2023 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். இன்ஸ்டகிராமிலே சிலர் தம்மைப் பற்றிய குறிப்பில் பாலஸ்தீனர் என்றும், ‘இறைவனுக்கே புகழ்’ என்று பொருள்படும் அரபிச் சொல்லையும் எழுதியிருந்தார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு, அவர்கள் எழுதாத ‘பயங்கரவாதிகள்’ என்ற சொல்லைத் தானே சேர்த்துக் காட்டியது. மெட்டா நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது, சொல் எங்கிருந்து வந்தது?

2024 இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி இதேபோன்ற உண்மையைக் காட்டியது. வெளிப்படையாகக் கேட்டால் இன்றைய மாதிரிகள் அவர்களை நல்ல சொற்களால் பாராட்டுகின்றன. அவர்கள் பேசும் பேச்சுவழக்கிலே எழுதியதைக் காட்டினாலோ, பழைய இழிவு உள்ளிருந்து தலைகாட்டுகிறது. நாக்கைத் திருத்தினார்கள், நெஞ்சைத் திருத்தவில்லை.

இந்த இடத்திலே நம் நண்பர்கள் சிலர் ஒரு வாதத்தோடு வருவார்கள். “அல்காரிதம் என்ற சொல்லே ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து வந்ததாயிற்றே! ஒன்பதாம் நூற்றாண்டிலே பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரல்லவா அது? அல்ஜீப்ரா என்பதும் அவர் நூலின் பெயரிலிருந்து பிறந்ததல்லவா? இந்தியாவிலே தோன்றிய எண்முறையை விளக்கி அவர் எழுதிய நூலன்றோ, இலத்தீன் மொழிக்குப் போய் ஐரோப்பாவுக்குக் கணக்குக் கற்றுத் தந்தது? அப்படிப்பட்ட மரபினரையா ஐயுறுவது?” என்று உருகுவார்கள்.

அத்தனையும் உண்மை. எழுதிய கைக்கு நாமும் வணக்கம் செலுத்துகிறோம். ஆனால் தோழர்களே, அந்த வாதத்தை வாதமாக ஏற்க மாட்டோம். ஏன்? அதுவும் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்! ஆயிரத்து இருநூறு ஆண்டு பழைய சான்றிதழ்! பாட்டன் கணக்கு மேதை என்பதால் பேரனைக் கைது செய்யாதீர் என்றால், மேதையைப் பாட்டனாகப் பெறாதவன் என்ன செய்வான்? இர்விங் நகரத்துச் சிறுவன் கடிகாரம் செய்யாமல் வெறும் கையோடு பள்ளிக்குப் போயிருந்தாலும், அவன் மானம் மானந்தான். மனிதன் என்பதற்கு மேல் ஒரு தகுதி கேட்பது, மனு நீதியின் மறுபதிப்பு.

அப்படியானால் செய்யவேண்டியது யாது? கருவிகளை உடைத்தெறிவதா? தறியை உடைத்தவன் நெசவாளியை வாழவைத்ததில்லை. ஆபித் செய்ததைப் பாருங்கள். ஒரு மாதிரியை, நிரல் எழுதத் தெரியாத மருத்துவர் போன்றோரும் தம் கையாலேயே கேள்வி கேட்டுச் சோதிக்கவேண்டும் என்ற எண்ணத்தில் 2019 இல் உருவானது கிரேடியோ என்னும் கருவி. அதை உருவாக்கியோருள் முதன்மையானவர் அவர். 2021 இல் ஹக்கிங் ஃபேஸ் நிறுவனம் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இன்று உலகெங்கும் நிரலாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவருடைய சமூகத்தை இயந்திரம் கூண்டில் ஏற்றியது. அவரோ இயந்திரத்தைக் கூண்டில் ஏற்றி, எவரும் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று வழி திறந்தார்.

அந்த வழியிலே நாம் செல்லவேண்டும். பள்ளியிலோ, காவல் நிலையத்திலோ, அரசு அலுவலகத்திலோ இத்தகைய கருவி நுழைவதற்கு முன்னால், ‘நூறு முறை கேட்டீர்களா? மதம் மாற்றிக் கேட்டீர்களா? சாதி மாற்றிக் கேட்டீர்களா? தமிழிலே கேட்டீர்களா? விடையை மக்கள் முன் வையுங்கள்’ என்று கேட்கவேண்டும். கணினித் துறையிலே பணியாற்றும் நம் தோழர்கள், கருவி எழுதித் தந்ததை வேத வாக்காகக் கொள்ளாமல், பக்கத்து நாற்காலித் தோழரைப் பற்றி அது என்ன எழுதுகிறது என்பதையும் ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும்.

சான்றிதழ் வேண்டுந்தான், மறுக்கவில்லை. அதைக் காட்டவேண்டியவர் உள்ளே நுழையும் அந்த இரண்டு முஸ்லிம்கள் அல்லர். நம் வாசலிலே வந்து நிற்கும் இயந்திரமே, எடு உன் நன்னடத்தைச் சான்றிதழை! பார்த்த பிறகு சொல்கிறோம், உனக்கு உள்ளே இடம் உண்டா இல்லையா என்று.