நிலா விழும் முன் ஒரு கல்யாணம்

2000-ல் நின்டெண்டோ வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: மஜோராஸ் மாஸ்க்’ கேமில், மூன்றே நாளில் ஊர்மீது நிலா விழுந்துவிடும். அதைத் தடுப்பதுதான் ஹீரோ லிங்க்கின் வேலை. ஆனால், மனதில் நிற்பது என்னவோ ஒரு சைடு குவெஸ்ட்தான்!

சத்திரம் நடத்தும் அஞ்சுவின் மாப்பிள்ளை காஃபே, சாபத்தால் சிறுவனாகி ஒளிந்திருக்கிறான். கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும், திருட்டுப்போன கல்யாண முகமூடியை மீட்கணும். நேரம் தவறினால் மூன்று நாளும் முதலிலிருந்து! இதைத் தொடாமலே கேமை முடித்துவிடலாம் என்பதுதான் வேடிக்கை.

பாடுபட்டால், கடைசி விடியலுக்குச் சற்றுமுன் ஜோடி சேர்கிறது. பரிசு, ஒரு முகமூடி, கொஞ்சம் கஞ்சத்தனம்தான். நிலாவை நிறுத்தாமல் காலத்தைத் திருப்பினாலோ, அஞ்சு எல்லாம் மறந்து மறுபடி காஃபேக்காகக் காத்திருப்பாள்.