கழுத்துத் தழும்பு ஆறிவிட்டால் போதுமா?

"ஆப்பரேஷன் முடிஞ்சிடுச்சு, தையலும் பிரிச்சாச்சு. இன்னும் என்னம்மா சோர்வு? மட்டம் போடுறதுக்கு இது ஒரு சாக்கா?"

குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஒரு தண்டல் கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் வெட்டி வரும் நம் சகோதரி. மூன்று மாதத்திற்கு முன்புதான் அவருடைய கழுத்திலிருந்து தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்திருந்தார்கள். பதில் சொல்ல அவரிடம் நியாயம் இருந்தது; குரல்தான் இல்லை. கம்மிப் போன தொண்டையோடு தலையைக் குனிந்துகொண்டு நிரைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் அவர் கையில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வந்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுவோம். முதலில் நாமும் இதை வெறும் 'மட்டம்' தகராறு என்றுதான் நினைத்தோம். உட்கார வைத்து விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆகவே இந்த வாரம் கூலி உயர்வைப் பற்றிப் பேசாமல், கழுத்தில் தழும்போடு நம்மிடையே நடமாடும் சகோதர சகோதரிகளைப் பற்றிப் பேசப் போகிறோம்.

குரல்வளைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சுரப்பிதான் தைராய்டு. உடம்பு என்கிற எஞ்சின் வேகமாக ஓடுவதா மெதுவாக ஓடுவதா என்று தீர்மானிப்பது அதில் ஊறும் நீர். கழலை பெருத்து மூச்சை அடைத்தாலோ, சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலோ, புற்று என்று தெரிந்தாலோ டாக்டர்கள் அதை எடுத்துவிடுகிறார்கள். முழுதும் எடுத்துவிட்டால் அந்த நீர் உடம்பில் மறுபடி ஊறாது. ஆயுள் முழுவதும் தினமும் தைராக்சின் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். கஷாயமோ, அயோடின் உப்போ, மந்திரித்த கயிறோ அதற்கு ஈடாகாது.

"அறுத்தாச்சு, ஆறியாச்சு" என்று நினைத்தவர் நமது தண்டல் மட்டுமல்ல. சுவிட்சர்லாந்தில் தியோடர் கோச்சர் என்ற மாபெரும் அறுவை மருத்துவர் இருந்தார். தைராய்டு அறுவையில் அவருக்கு நிகரில்லை என்று பெயர். முழுச் சுரப்பியையும் இழந்த தம் நோயாளிகளைப் பின்னாளில் வரவழைத்துப் பார்த்தபோது பலர் வீங்கி, மந்தமாகி, சுறுசுறுப்பற்றுப் போயிருந்ததைக் கண்டு அவரே திடுக்கிட்டார். 1883இல் அதை வெளிப்படையாக அறிவித்தார். 1909இல் நோபல் பரிசு பெற்ற மனிதர் அவர். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், தைராய்டு வேலை செய்யாத ஒரு பெண்மணிக்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தச் சிகிச்சையால் அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று சர்க்கார் கிளினிக்கில் கொடுக்கிற சின்ன மாத்திரைக்குப் பின்னால் இத்தனை சரித்திரம் இருக்கிறது.

மாத்திரைதான் இருக்கிறதே, பிறகென்ன கஷ்டம் என்பீர்கள். மாத்திரையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் சோதித்துத்தான் சரியா தப்பா என்று சொல்ல முடியும். சரியான அளவு பிடிபடச் சிலருக்குப் பல மாதங்கள் ஆகின்றன. அளவு குறைந்தால் களைப்பு, குளிர், மலச்சிக்கல், முடி உதிர்தல், மறதி, மனச்சோர்வு. கூடினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. நம் சகோதரியைத் தண்டல் 'சோம்பேறி' என்றது இந்த இடைக்காலத்தில்தான். சோம்பலா அது? எண்ணெய் வற்றிய விளக்கைப் பார்த்து ஏன் மங்குகிறாய் என்று கேட்பது போலல்லவா இருக்கிறது!

விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தச் சகோதரி மாத்திரையைப் பால் தேநீரோடு விழுங்கி வந்திருக்கிறார். கூடவே சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஒரே வாயில்! தைராக்சினை வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை தேநீர், காப்பி, பசியாறல் எதுவும் கூடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும், ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது. நமக்கு ஒரு வழி இருக்கிறது. நாலரைக்கு விழித்தவுடன் மாத்திரை, முகம் கழுவிச் சமைத்து முடித்துக் கிளம்பும்போது தேநீர். தைப்பூச விரதம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. வேண்டாம் தாயே! முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கர்ப்பம் தரித்த பெண்கள் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

அறுவைக்குப் பிறகு உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மதமதப்பு, கை கால் இழுப்பு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். தைராய்டுக்குப் பின்னால் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பவை அவைதான். அறுவையில் அவை அடிபட்டால் வரும் அறிகுறி இது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

குரல் விஷயத்திற்கு வருவோம். குரல்வளைக்குப் போகும் நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுவதால் சிலருக்குக் குரல் கம்மிவிடுகிறது. பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும், சிலருக்குத் திரும்பாது. 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது அறுவையல்ல, துப்பாக்கிக் குண்டு. ஆனாலும் கழுத்துக் காயம் குரலைப் பறிப்பது எப்படி என்று தமிழர் எல்லாரும் கேட்டறிந்த சம்பவம். கட்டுப் போட்ட கழுத்தோடு தேர்தலில் வென்றார். மாறிப்போன குரலோடு நடித்தார். 1977இல் முதலமைச்சரும் ஆனார். அந்தக் குரலுக்குக் கைதட்டிய நாம், பக்கத்து வீட்டு அக்காள் கம்மிப் பேசினால் சிரிக்கலாமா?

இனி சட்டம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் அந்த 60 நாளும் தனி. சாதாரண நோய் விடுப்பை அதில் கழிக்க முடியாது. படுக்கையில் சேர்க்க வேண்டிய அளவு நோய் என்று டாக்டர் சான்று கொடுத்தால், சேராமல் வீட்டில் இருந்தாலும் அது ஆஸ்பத்திரி விடுப்பாகவே கருதப்படும். ஆனால் 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். இதில் கோட்டை விடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

சட்டம் அவ்வளவு தூரம் வருகிறது, அதற்கப்பால் ஓட்டை. ரத்தச் சோதனைக்கும் நிபுணரைப் பார்க்கவும் போகிற நாளில் பல இடங்களில் எம்.சி. கிடைப்பதில்லை, 'டைம் ஸ்லிப்'தான் கிடைக்கிறது. தோட்டத்திலிருந்து ஜொகூர் பாரு போய்த் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். நிபுணர் கட்டணம் குடிமக்களுக்கு 5 வெள்ளிதான். ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை 26ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு நாளின் விலை 65 வெள்ளிக்கு மேல்! வண்டிச் செலவு வேறு. நம் சகோதரி இரண்டு தவணை போகாமல் விட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். வெளிநாட்டுத் தோழர்களுக்கோ ஆஸ்பத்திரிக் கட்டணமே பல மடங்கு.

நாம் கேட்பது பெரிதல்ல. டாக்டர் கடிதம் தந்தால், அளவு சரியாகும் வரை கனமான பால் வாளி தூக்காத இலேசான வேலை, கூலி குறையாமல். ஆயுள் முழுக்க மருந்து தேவைப்படுகிறவர்களின் மறுபரிசோதனை நாளுக்குச் சம்பளம். இவ்விரண்டும் அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும். மருந்து வாங்குவதற்கு மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை. தொடர் மருந்தை அருகிலுள்ள சர்க்கார் கிளினிக்கில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும், தபாலில் அனுப்பும் ஏற்பாடும் இருக்கின்றன. மருந்துக்கூடத்தில் வாய் திறந்து கேளுங்கள்.

அந்தச் சகோதரியின் எச்சரிக்கைக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. மருந்தின் அளவும் சரியாகி வருகிறது. குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் தலை நிமிர்ந்து பெரட்டுக்கு வருகிறார். வெட்டிய பால்மரத்தின் பட்டை மறுபடி வளர வருஷக் கணக்கில் காத்திருக்கும் நிர்வாகம், வெட்டுப்பட்ட மனுஷிக்குச் சில மாதம் காத்திருக்கக் கூடாதா? உங்கள் தோட்டத்திலும் இப்படி யாராவது இருந்தால், டாக்டர் கடிதத்தோடும் தவணை அட்டையோடும் கிளைத் தலைவரிடம் அழைத்து வாருங்கள். எச்சரிக்கைக் கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.