ஃபார்மட் ஒரு மருந்தா?

கம்ப்யூட்டரில் எது மக்கர் பண்ணினாலும் நம்மவர் சொல்லும் ஒரே வைத்தியம், "ஃபார்மட் அடிச்சிடு மச்சி!" தலைவலி வந்தால் தலையையே வெட்டுவதா?

புராஜெக்ட் ஃபைல்களைத் தினமும் மாலை 5 மணிக்கு வேறு போல்டரில் காப்பி எடுக்க, டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை போட்டிருந்தேன். மணி 5 ஆச்சு. திரையில் ஒன்றுமே வரவில்லை. ஃபார்மட் செய்யக் கிளம்பியவனை ரூம்மேட் தடுத்தான். "லாஸ்ட் ரன் ரிசல்ட் பார்த்தியா?" பார்த்தேன். வெற்றி என்றிருந்தது! காப்பியும் போல்டரில் பத்திரமாக இருந்தது.

பிழை என்னுடையதே. 'பயனர் லாகான் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஓடு' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்படிப்பட்ட வேலை, 2007-இல் கடைக்கு வந்த விஸ்டா முதல், நம் திரைக்குத் தொடர்பில்லாத தனி செஷனில் ஓடும், ஜன்னல் தெரியாது. 'லாகான் செய்திருக்கும்போது மட்டும்' என்று மாற்றினேன்; தெரிந்தது. பட்டியலிலேயே வேலை காணோமா? வியூ மெனுவில் 'ஷோ ஹிட்டன் டாஸ்க்ஸ்' தட்டுங்கள். ஹிஸ்டரி காலியா? 'எனேபிள்' செய்யுங்கள்.

அன்று ஃபார்மட் அடித்திருந்தால், அதே டிஸ்க்கில் இருந்த புராஜெக்ட்டும் காப்பியும் சேர்ந்தே போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் நடக்காததல்ல. அழிப்பவன் டெக்னீஷியன் அல்ல. காரணம் தேடுபவனே டெக்னீஷியன். சிந்திப்போம், தோழர்களே!