தூங்கியவர் பெயரில் ஒரு வால்மீன்

'கணவரின் ஆய்வுக்கு உறுதுணையாக நின்றார்.' பெண் விஞ்ஞானிகளைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் இந்த வரி எப்படியும் வந்துவிடும். வாசிக்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். யார் யாருக்குத் துணை?

1702 ஏப்ரல் 21, பெர்லின். விடிய இன்னும் நேரம் இருந்தது. வானியலாளர் காட்ஃப்ரீட் கிர்ச் தூங்கிக்கொண்டிருந்தார். ஒளி மாறும் விண்மீன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த அவர் மனைவி மரியா வின்கெல்மன் கண்ணில் ஒரு வால்மீன் பட்டது. கணவரை எழுப்பிக் காட்டினார். செய்தி கணவர் பெயரில் போயிற்று. கண்டது மனைவிதான் என்று அவர் அச்சில் ஒப்புக்கொண்டது 1710இல். எட்டு வருஷம்! இத்தனைக்கும் மனைவியோடு சேர்ந்து வேலை செய்த நல்ல மனுஷன் அவர்.

ஆனால் மரியாவின் கதையை வால்மீனோடு முடித்துவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. உண்மையான அநியாயம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. 1700இல் தொடங்கப்பட்ட பெர்லின் அறிவியல் கழகம், பஞ்சாங்கம் விற்கும் தனியுரிமையில் வந்த காசில்தான் ஓடியது. அந்தப் பஞ்சாங்கத்துக்குக் கணக்குப் போட்டவர்களில் மரியாவும் ஒருவர். கணவர் நோயில் படுத்தபோது அந்த வேலையைத் தூக்கிச் சுமந்ததும் அவர்தான். 1710இல் கணவர் இறந்ததும் உதவிப் பஞ்சாங்கக் கணிப்பாளர் வேலையைக் கேட்டார். கவனியுங்கள், தலைமை வானியலாளர் பதவியைக்கூடக் கேட்கவில்லை. கழகத் தலைவர் லைப்னிட்ஸ் பரிந்து பேசியும் கிடைக்கவில்லை. திறமை போதாது என்பதல்ல காரணம். ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் அது முன்னுதாரணமாகிவிடுமாம், ஊர் சிரிக்குமாம். அவர் உழைப்பில் வந்த காசு மட்டும் சிரிப்பாக இல்லை போலும்.

'அந்தக் காலம் அப்படி' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதே காலத்தில் வாழ்ந்தவர்தானே லைப்னிட்ஸ்? அவருக்கு மட்டும் எப்படிக் கண் தெரிந்தது?

1716இல் கழகம் மரியாவின் மகன் கிறிஸ்ட்ஃப்ரீடை வானியலாளராக நியமித்தது. அம்மா மகனுக்கு உதவியாளராகத் திரும்பி வந்தார். அதுவும் பொறுக்கவில்லை. வானாய்வகத்துக்கு வரும் விருந்தினர்களிடம் அதிகம் பேசுகிறார், பின்னால் இருக்கணும் என்று கண்டித்தார்கள். 1717இல் அங்கிருந்த வீட்டையும் விட்டு வெளியேறினார். மூன்று வருஷத்தில் இறந்துபோனார்.

மகள் கிறிஸ்டீனும் பல ஆண்டுகள் உட்கார்ந்து போட்டது அதே பஞ்சாங்கக் கணக்குதான். அவரை என்னவென்று எழுதுவோம்? அண்ணனுக்கு உறுதுணை என்றா?